ஊர் முழுகாமல் இருந்த பாட்டு

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். தண்ணீருக்குள் போகவிருந்த ஊர்க்காரர்கள், வீட்டு உத்திரங்களைப் பிடுங்கி வண்டியேற்றி வந்து மேட்டுக்காட்டில் குடிசை போட்டிருந்தார்கள். சேலத்தில் பாட்டுப் புத்தகம் அச்சிட்டுச் சந்தையில் விற்றுவந்த நான், அவர்கள் துக்கத்தைப் பாட்டாக்கிவிடுவது என்று கிளம்பினேன். யாரும் கூப்பிடவில்லை.

கோட்டும் பென்சிலுமாகப் போய் நின்றவனைப் பார்த்து நாய்கூடக் குரைக்காமல் யோசித்தது. உடுக்கையடித்துக் கதை பாடுகிறவர் ஒருவர்தான் வாய் திறந்தார்.

"ஏனுங்க, மறுக்கா அளக்க வந்தீங்களா?"

"இல்லைங்க, பாட்டு எழுத."

"முன்னால வந்தவரும் சும்மா பாக்க வந்தேன்னுதானுங்க சொன்னாரு. அப்புறம் முளைக்குச்சி அடிச்சுட்டுப் போனாரு."

அங்கேயே உட்கார்ந்து எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியில் அவர் மீசை அசைந்தது. பாட்டைத் திருடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே பாடுவதாக ஒப்புக்கொண்டது என் சந்தேகத்தை வளர்த்தது.

அணைக்கு எதிராகப் பாடுகிறார்கள் என்று யாரோ சொல்லி, ஒரு போலீஸ்காரர் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். வார்த்தை பிசகினால் உடுக்கைக்காரரை உள்ளே தள்ளிவிடுவார். அவரோ நிதானமாக என் வரியை எடுத்தார்:

"முழுகாம இருக்கவேணும் தாயே, எங்க ஊர்த்தாயே..."

பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். கர்ப்பிணியை 'முழுகாமல் இருக்கிறாள்' என்பார்கள். அது கல்யாணமாகாத என் மண்டையில் உறைக்கவில்லை. ஊர் மூழ்க வேண்டாம் என்று எழுதப்போய், ஊரையே பிள்ளைத்தாய்ச்சி ஆக்கியிருந்தேன்.

போலீஸ்காரர் எழுந்தார். "ஊரு முழுகறதப் பத்தியா பாடறே?"

"இல்லீங்க சாமி, மாசமான பொண்ணுக்குப் பாடறதுங்க. அவங்க சிரிக்கறதப் பாருங்க."

பார்த்தார். சிரித்தவர்களில் பாதிப்பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம் எதுக்கு அழுவறாங்க?"

"பேறுகாலத்துக்குத் தாயூட்டுக்குப் போகோணுமில்லீங்களா? அந்த ஊடு எங்கீங்க இருக்குது?"

போலீஸ்காரர் அந்தப் பெண்களை மறுபடி பார்த்தார். பிறகு, "யாரு எழுதினது?" என்றார். புத்தக அட்டையில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிற நான், முன்னாலிருந்தவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"பழைய பாட்டுங்க" என்றார் உடுக்கைக்காரர்.

பாடித் தொலை என்பதுபோல் கையை அசைத்துவிட்டுப் போலீஸ்காரர் உட்கார்ந்தார். பாட்டு கடைசிவரை நடந்தது.

எல்லோரும் கலைந்ததும் உடுக்கைக்காரர் என்னிடம் வந்தார்.

"அந்த வரிய, தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

"பின்னே? தெரிஞ்சுதாங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த மேட்டுக்காட்டில் என்மேல் விழுந்த சந்தேகங்களில் அது ஒன்றுதான் சரியானது.