இடப்பக்கம் இழுத்த கார்

சிமெண்டுத் தெருவில் அந்தப் பொம்மைக் கார் எழுப்பிய "கிர்ர்" என்ற இரைச்சலும், சூடேறிய பேட்டரியின் வாடையும், எதிர்க்கடையில் கொட்டிவைத்திருந்த ஏலக்காயின் மணமும் ஒன்றாகக் கலந்துதான் அந்த மழைக்காலம் எனக்குள் இருக்கிறது. சவூதியிலிருந்து வந்த மாமு, அம்மாவின் தம்பி, எனக்காகக் கொண்டுவந்த ரிமோட் கார் அது; ஆனால் அது என் கையில் இருந்ததைவிட அத்தாவின், அதாவது என் அப்பாவின், கையில் இருந்ததுதான் அதிகம்.

அத்தா போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கு வேலையாட்களை ஏற்றிச்செல்லும் ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலையில், மலைப்பாதை வளைவில் ஜீப்பு பாறையில் மோதி, ஏறியிருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பிக்க, அவருக்கு மட்டும் கால் முறிந்தது. மாவுக்கட்டோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெருமுனையில் ஜீப்பு ஹாரன் கேட்டால் எட்டிப் பார்ப்பார், தண்ணீர் கேட்பார், குடிக்காமல் கீழே வைப்பார். "இனிமே அந்தச் சோலி வேணாம், எங்க அண்ணன் கடையில வந்து உக்காருங்க" என்று அம்மா ஆரம்பிக்கும்போதெல்லாம் பொம்மைக் காரைக் கையில் எடுத்துக்கொள்வார்.

அந்தக் கார் நேராகப் போகாமல் இடப்பக்கம் இழுத்தது. அடியில், முன்சக்கரங்களுக்கு நடுவே, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு திருகு இருந்தது. அத்தா அதை நூலளவு திருப்பி, தெருக்குழாய் வரை ஓடவிட்டு, என்னை எடுத்துவரச் சொல்வார். அடுத்த முறை வலப்பக்கம் ஒதுங்கும், மறுபடி குறைப்பார். "இன்னும் ஒரு தடவ, வெரசா கொண்டா" என்று பேட்டரி தீரும்வரை இதுவே நடக்கும்.

ஓடி ஓடிச் சலித்துப்போன ஒரு நாள், "குடுங்கத்தா, ஒங்களுக்கு நேரா ஓட்டத் தெரியாது. அதான் ஜீப்பக் கொண்டுபோயி பாறையில விட்டீங்க" என்று ரிமோட்டைப் பிடுங்கினேன். எனக்கு அப்போது பத்து வயது. அத்தா அதட்டவில்லை, ஆனால் அடுத்த மூன்று நாள் அந்தக் காரைத் தொடவே இல்லை.

நானே திருகித் திருகிப் பார்த்தேன். கார் சாக்கடையில் விழுந்ததுதான் மிச்சம். நான்காம் நாள் அதைக் கழுவித் துடைத்து, அவர் மடியில் வைத்து, "எனக்கு வரமாட்டேங்குது அத்தா" என்றேன். சக்கரங்களை விரலால் சுழற்றியவர், அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஜீப்பும் இப்பிடித்தாம்மா இழுத்துச்சு. ஒரு வாரமா இழுத்துச்சு. ஒருநாள் நிறுத்திப் பாத்திருக்கணும். சீசன் நேரம், ஆளுக வேற ஜீப்புக்குப் போயிருவாகன்னு தெரிஞ்சேதான் ஓட்டுனேன்."

பிறகு, "அம்மாட்டச் சொல்லிறாத" என்றார்.

அவர் திருகைத் திருப்புவதற்கு வாகாகக் காரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன்.

கட்டுப் பிரித்ததும் அத்தா அம்மாவின் அண்ணன் கடைக்குப் போகவில்லை, ஜீப்புக்கே போனார். ஆனால் தினமும் ஆளேற்றும் முன்பு வெற்று ஜீப்பைத் தெருவில் ஒருமுறை மெதுவாக ஓட்டி, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

இப்போது அத்தா இல்லை. ஜீப்பை விற்றாயிற்று, பொம்மைக் கார் எந்தக் காலத்தில் தொலைந்ததென்றே தெரியவில்லை. இருபுறமும் பைக்குகள் நிற்கும் எங்கள் தெருவில் இன்று பத்தடி நேராக ஓட இடமில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா இன்னமும் அந்த விபத்தைப் பற்றிச் சொல்வதுண்டு. அன்றைக்கு மலையில் ஒரே மூடுபனி, வளைவு கண்ணுக்கே தெரியவில்லை என்பார். நான் ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை.