வெள்ளை அம்பாசிடரும் கணக்கு குரூப்பும்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு ஊர்க்கதையெல்லாம் முதுகுப் பக்கமிருந்துதான் வரும். காது கொடுக்கலாம், வாய் கொடுக்கக் கூடாது. நீங்களும் ஸ்டியரிங் பிடித்தவராக இருந்தால் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. கூச்ச சுபாவம் வேறு. பேச்சு வராத குறைக்கு, கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பேன். கல்யாணச் சவாரியில் ஏறிய தலைக்கும் இறங்கிய தலைக்கும் கணக்கு சரியாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

2007-இல், சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக்குக் கல்வியியல் பேராசிரியையாகப் புதிதாக வந்த மேடம் என் வெள்ளை அம்பாசிடரைப் பேசி அமர்த்தினார். பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதைக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன். அண்ணாகிராமம் பக்கம் இருக்கும் என் பேத்தி ரேவதி அப்போதுதான் பத்தாவது முடித்து, கணக்கு குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளுடைய பெண்கள் பள்ளியில் இருபது பேர் சேர்ந்தால்தான் அந்த குரூப் நடக்குமாம். சேர்ந்தவர்கள் பதினாலு பேர். மேடம் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்க வேண்டுமே! கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்ப்பேன், தொண்டையைச் செருமுவேன், ஹாரன் அடித்துவிட்டுப் பேசாமல் போவேன்.

பொன்னாடை

முதலில் போனது கடலூர் பக்கம் ஓர் ஆண்கள் பள்ளி. ஆராய்ச்சிக்கு வருகிறோம் என்று மேடம் முன்கூட்டியே எழுதியிருந்தார். எழுதி என்ன? எங்கள் மாவட்டத்தில் வெள்ளை அம்பாசிடர் பள்ளிக்குள் நுழைந்தால் இன்ஸ்பெக்‌ஷன் என்றுதான் அர்த்தம். கேட் தானாகத் திறந்தது. பி.டி. மாஸ்டர் விசில் ஊதினார். அத்தனை வகுப்பும் ஒரே நொடியில் அடங்கிப்போனது.

நான் இறங்கி நின்றேன். நரைத்த தலை, சலவைச் சட்டை. மேடம் பின்னாலிருந்து தோள் பையோடு இறங்கினார். பார்த்தால் காலேஜ் பெண் மாதிரி இருப்பார். தலைமையாசிரியர் நேரே என்னிடம் ஓடிவந்து பொன்னாடையைப் போர்த்தி, கையில் எலுமிச்சம்பழத்தையும் திணித்துவிட்டார். "நான் டிரைவருங்க" என்று சொல்வதற்குள் மாணவர்கள் கை தட்டி முடித்துவிட்டார்கள். பொன்னாடையைக் கழற்றப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "இருக்கட்டும் சார், போர்த்துனது போர்த்துனதுதான். பசங்க பாக்கறானுங்க, உருவுனா எனக்குத்தான் அசிங்கம்."

பலாப்பழ வியாபாரி

மறுவாரம் மேடம், "வழியில யாராவது ஒரு அப்பாகிட்ட பேசணும் ஐயா" என்றார். சாலையோரம் எத்தனையோ அப்பாக்கள் இருந்தார்கள். நான் பலாப்பழம் குவித்து வைத்திருந்த ஒருவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் என் மருமகன், ரேவதியின் அப்பா. வாயால் கேட்க முடியாததை வண்டியால் கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம். அவன் தூரத்திலேயே, "வாங்க மாமா! ஏன் மாமா தெரியாத ஆளு மாதிரி மூஞ்ச திருப்பிக்கிறீங்க?" என்று கத்தி என் மானத்தை வாங்கினான்.

மேடம் சிரித்துக்கொண்டே எல்லாம் கேட்டார். இங்கே இல்லாவிட்டால் கடலூருக்கு அனுப்பலாமே, அங்கே கணக்கு குரூப் நடக்கிறதே என்றார். மருமகன் ஒரு சுளையை எடுத்து நீட்டிவிட்டு விளக்கினான். "கடலூருன்னா பஸ்ஸு. பஸ்ஸுன்னா கூட்டம். கூட்டம்னா லேட்டு. அவ வர்றதுக்கு இருட்டிப்போவும், நான் ஸ்டாண்டுல போயி நிக்கணும். நான் அங்க நின்னா இங்க யாரு மேடம் விக்கறது? அவ கணக்கு படிச்சா என் யாவாரம் படுத்துரும். நம்ம ஊரு ஸ்கூல்ல நடத்தட்டும், தாராளமா படிக்கட்டும்."

வண்டி கிளம்பியதும் அன்றுதான் வாயைத் திறந்தேன். ஆறு பெண்கள்தான் குறைகிறார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சாலையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். மேடம் கையிலிருந்த சுளையைத் தின்று முடித்தார். பிறகு சொன்னார்: "எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனா பாக்க வந்தவ எதையும் மாத்தக் கூடாது. நான் சொல்லி நடந்தா அது ஆராய்ச்சி இல்ல, சிபாரிசு."

இன்றைக்கு மட்டும்

ஜூன் கடைசியில் ரேவதியின் பள்ளிக்கே போக வேண்டி வந்தது. இன்னும் ஆள் சேரட்டும் என்று அந்தப் பதினாலு பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். பேத்தி பேச்சை எடுக்கக் கூடாது என்று நானே எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டேன். கேட்டைத் தாண்டும்போதே மாடி வராந்தாவில் தலைமையாசிரியை எங்கள் காரைப் பார்த்துவிட்டு வேகமாக உள்ளே போவது தெரிந்தது. அடுத்த கணம் காமர்ஸ் வகுப்பிலிருந்து சில பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினார்கள். எண்ணிப் பார்த்தேன். ஆறு.

நாங்கள் படியேறிப் போனபோது கணக்கு குரூப் அறையில் இருபது பேர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தார்கள். ரேவதி முதல் பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மேடத்தின் ஆராய்ச்சிக் கேள்வித்தாள் கட்டோடு வாசலில் நின்றுகொண்டேன். மேடம் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார். அங்கே ஒரு பெண்ணின் மேசைமேல் கணக்குப்பதிவியல் புத்தகம் திறந்திருந்தது. "உனக்குக் கணக்கு பிடிக்குமாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் எழுந்து நின்று, தலைமையாசிரியையை ஒரு தரம் பார்த்துவிட்டு, பளிச்சென்று சொன்னாள்: "இன்னிக்கு மட்டும் பிடிக்கும் மிஸ்."

மாதா மாதம்

தலைமையாசிரியை முகம் வெளுத்துப்போனது. மேடம் எதையும் கவனிக்காதவர் போல, "ரொம்ப சந்தோஷம். மாசா மாசம் வருவேன். இதே இருபது பேரத்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

எந்தத் தேதி என்று சொல்லவில்லை. அதனால் அந்த ஆறு பேரைக் காமர்ஸுக்குத் திருப்பி அனுப்பத் தலைமையாசிரியைக்குத் தைரியம் வரவில்லை. அவர்களும் நல்ல மார்க்கு வாங்கியவர்கள்தானாம். தோழிகள் போனார்களே என்று காமர்ஸுக்குப் போனவர்கள். ஜூலையில் போனோம், இருபது. ஆகஸ்டில் இருபது. காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் பெற்றோரை அழைத்துக் கையெழுத்து வாங்கி, குரூப்பை முறைப்படி பதிவு செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் மேடம் அதே பெண்ணிடம், "இப்பவாவது உனக்கு இஷ்டம்தானா? இல்லன்னா சொல்லு, நான் ஹெச்.எம்.கிட்ட பேசறேன்" என்றார். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "இருங்க மிஸ், விடை வர்ற நேரம்."

திரும்பி வரும் வழியில் நானாகவே, "மாத்தக் கூடாதுன்னீங்களே மேடம்?" என்று கேட்டேன். அவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் எங்க ஐயா மாத்தினேன்? வந்தேன், பார்த்தேன், போனேன். கட்டுரையில எழுதணும்னா உங்க காரைத்தான் எழுதணும்."

பொங்கலுக்கு முன்னால் வண்டியைப் பட்டறையில் விட்டபோது பெயின்டர் நீலம் அடித்தால் எடுப்பாக இருக்கும் என்றான். பேத்தி பிளஸ் டூ முடிக்கிறவரை வெள்ளையைத் தவிர வேறு டப்பாவைத் திறந்தால் நடப்பதே வேறு என்று, என் ஆயுளிலேயே முதல் தடவையாகக் குரலை உயர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன்.