அக்கா தவறாகக் கேட்ட ஒரு சொல்

இந்த நினைவு மலரை அச்சடித்துத் தந்த ஹட்டன் அச்சகத்துக்காரர் நல்ல மனிதர். முன்பக்கத்துக்கென்று அவரே நான்கு வரி எழுதி வைத்திருந்தார். எங்கள் அக்கா "கல்வித்தாய்" என்றும் "அன்பின் சிகரம்" என்றும் "குறையே காணாத குணவதி" என்றும் அதில் இருந்தது. முதல் இரண்டையும் அப்படியே இருக்க விட்டுவிட்டேன். மூன்றாவதை நானே பேனாவால் அடித்தேன். அக்கா இருந்திருந்தால் அவரை உட்கார வைத்து, "ஐயா, நீங்க எப்பவாச்சும் என்னையப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டிருப்பார்.

உறவினர்களே, அக்காவோடு பணிபுரிந்த ஆசிரியர்களே, அவர் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நான் அவருடைய தங்கை. மலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஆயுள் முழுவதும் தொட்டில் ஆட்டியவள். கட்டுரை எழுதுவது என் வேலை இல்லை. ஆனாலும் அக்கா என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். "நீ எழுது. மத்தவங்க எழுதுனா என்னையக் கழுவித் தொடச்சு வச்சிடுவாங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

லிந்துலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், எட்டுக் காம்பராக்கள் ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும் லயத்தில், மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அம்மா கொழுந்து எடுத்தார். அப்பாவுக்குக் கான் வெட்டும் வேலை. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் தங்காமல் ஓடிப் போக மலையில் வழி வெட்டுவார். "தண்ணி நின்னா மண்ணு நிக்காது" என்று மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் காதில் வாங்கியதில்லை.

எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு பையன் பிறந்து, மூன்று வயதில் நெஞ்சுச்சளியில் போய்விட்டான். அவனைப் புதைத்த இரண்டாம் நாள் அக்காவைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பேர் கூப்பிட்டபோது அவரால் "வந்தேன்" என்று சொல்ல முடியவில்லை. வாத்தியார் பிரம்பால் கையில் நான்கு வைத்தார். அந்த வாத்தியாரும் கெட்டவர் இல்லை. ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அக்கா பின்னாளில் என்ன செய்தாரோ அதெல்லாம் அந்த நான்கு அடியிலிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன்.

படித்து, தொண்டர் ஆசிரியராகத் தொடங்கி, ஆசிரியர் கலாசாலைக்குப் போய் வந்து, இருபது வருடத்துக்கு மேல் முதலாம், இரண்டாம் வகுப்புகளை மட்டுமே விரும்பிக் கேட்டு எடுத்தார். அதற்குப் பிறகுதான் ஆசிரிய ஆலோசகர் ஆனார். பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதை விட்டு, படிப்பிக்கிறவர்களுக்குத் துணை நிற்கும் வேலை. லிந்துலை, ஹட்டன், கந்தப்பளை என்று பஸ் ஏறி, பஸ் போகாத இடத்துக்கு ஆட்டோவில் போய், அதுவும் போகாத இடத்துக்கு நடந்து, தோட்டப் பள்ளிகளின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொள்வார். பாடம் முடியும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். பிள்ளைகள் விளையாடப் போன பிறகு அந்த டீச்சரிடம் முதலில் கேட்பது, "காலையில சாப்பிட்டீங்களா?" என்பதுதான். இரண்டாவதாக, "இன்னைக்கு எந்தப் புள்ள கண்ணை நீங்க பார்க்கவே இல்ல?" என்பார். எத்தனையோ டீச்சர்மார் அந்த இடத்தில் அழுதிருக்கிறார்கள்.

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். "நம்ம வகுப்புல நடக்கிறதும் பெரட்டுதான். புள்ளைங்களை எண்ணுறோம், பார்க்கிறதில்ல" என்பது அக்காவின் வாதம். எனவே பேர் கூப்பிடும்போது பிள்ளை "வந்தேன் டீச்சர்" என்பதோடு தன் மனசைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல வேண்டும் என்று பழக்கினார். சந்தோஷம், கோபம், பசி, பயம், எதுவானாலும் சரி. டீச்சர் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சக ஆசிரியர்கள் இதற்கு "மனசுப் பெரட்டு" என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். அக்காவுக்கு அந்தப் பெயர் பிடித்துப் போய், பயிற்சி வகுப்புகளில் அவரே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஹட்டனில் ஒரு பயிற்சியில் வயதான வாத்தியார் ஒருவர் எழுந்து, "இந்த மனசு கினசெல்லாம் நம்ம புள்ளைங்களுக்கு எதுக்குங்க? ரெண்டு போட்டாத்தானே படிக்குதுங்க" என்றாராம். "சரிங்க சேர், உங்களுக்கு இன்னைக்கு மனசு எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டார். அவர், மனைவிக்கு மறுநாள் ஆபரேஷன் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார் அக்கா. ஊர் மனசையெல்லாம் கேட்டவர் ஒருநாளும் என் மனசைக் கேட்டதில்லை. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

இனி அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். பெயர் தர்ஷி. அவளுடைய அம்மாவிடம் கேட்டுத்தான் பெயரைப் போடுகிறேன். எங்கள் டிவிஷன் பிள்ளை. என் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவள். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அப்பாவோடும் அத்தையோடும் இருந்தாள். இரண்டாம் வகுப்பில் நித்தியா டீச்சரிடம் படித்தாள்.

ஒரு மழைக்காலத்தில் அக்கா அந்த வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். மனசுப் பெரட்டு நடந்தது. தர்ஷியின் முறை வந்தபோது அவள், "கூதலா இருக்கு டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. இந்த மலையில் குளிராத ஆள் யார்? ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அம்மா வெளிநாட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். இடைவேளையில் பிள்ளையை மடியருகே நிறுத்தி, "மனசுலயா கண்ணு கூதலா இருக்கு?" என்று கேட்டார். பெரிய டீச்சர் கேட்கிறார். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாங்க டீச்சர்" என்றது.

அக்கா பூரித்துப் போனார். ஏழு வயதுப் பிள்ளை தன் தனிமையை இப்படி ஒரு சொல்லால் சொல்கிறதே என்று அன்று மாலை என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பெரிய தாளில் "மனசு கூதலா இருக்கு" என்று எழுதி, பள்ளி விறாந்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஹட்டன் பயிற்சியில் அதை எடுத்துச் சொல்ல, ஆசிரியர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார்கள். நித்தியா டீச்சர் தினமும் அந்தப் பிள்ளையை அணைத்துக்கொண்டார், தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அதன் பிறகும் தினமும் பிள்ளை அதே சொல்லைத்தான் சொன்னது. ஒருநாள், "படுக்கையில ரொம்பக் கூதலா இருக்கு" என்றுகூடச் சொன்னதாம். அம்மாவைத் தேடுகிறாள் என்று அதையும் குறித்து வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, நாலைந்து நாள் விடாமல் மழை பெய்த ஒரு விடியலில், லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு இறங்கியது. தர்ஷியின் அப்பா அடுப்புக்கு விறகு எடுக்க முன்பக்கம் வந்திருந்தார். அத்தையை இடுப்புவரை மூடிய மண்ணிலிருந்து இழுத்து எடுத்தார்கள். பிள்ளையை எடுக்கப் பகல் ஆகிவிட்டது. என் கையால் சோறு ஊட்டிய பிள்ளை. சேற்றைக் கழுவியது நான்தான். அதற்கு மேல் இதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

அக்காவும் நானும் அத்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த அம்மாள் யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"சுவத்துல தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சுங்க டீச்சர். புள்ள சுவத்தோரம்தான் படுப்பா. அத்தை, சுவரு கூதலா இருக்கு, சுவரு கூதலா இருக்குன்னு அனத்துவா. நாங்க சாக்கை மடிச்சு வச்சு அடைச்சோம். டீச்சர்கிட்டச் சொல்லிட்டேன் அத்தை, டீச்சர் எழுதிக்கிட்டாங்கன்னு சொன்னா."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவருடைய தோளைப் பிடித்தேன். "கான் வெட்டுறவர் மகடி நானு" என்றார். "சுவத்துல தண்ணின்னு ஒரு புள்ள மூணு வாரமா சொல்லியிருக்கு. நான் அதுக்குக் கை தட்ட வச்சிருக்கேன்."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தாள் ஒட்டியிருந்த அதே விறாந்தைச் சுவரில், இரண்டு அடி தள்ளி, ஒரு அரசாங்க அறிவித்தல் இருந்தது. சுவரில் நீர் கசிந்தாலோ நிலம் வெடித்தாலோ உடனே அறிவியுங்கள் என்று தமிழில்தான் இருந்தது. முந்தைய வருடம் கீழ் லயத்தில் கசிவு கண்டு அறிவித்தபோது, எல்லாரையும் பள்ளி மண்டபத்துக்குக் கூட்டி வந்து தங்க வைத்தார்கள். மண்மேட்டை வெட்டியவர்களும், லயத்தை அப்படியே விட்டவர்களும் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்கு வாய் நிறைய இருக்கிறது. ஆனால் அக்கா தன் பங்கை மட்டும்தான் எழுதச் சொன்னார்.

தர்ஷியின் அம்மா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்றாம் நாள் அக்கா அவரிடம் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். நானும் கூட நின்றேன். அந்தப் பெண் அழவில்லை. "எனக்கும் போன்ல சொன்னா டீச்சர், அம்மா கூதலா இருக்குன்னு. நான் அங்கேயிருந்து கம்பளி வாங்கி அனுப்புனேன். பார்சல் இன்னும் வரல" என்றார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, "நான் தூரத்துல இருந்தேன். நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்றார். பார்சல் அடுத்த வாரம் வந்தது.

"விடுங்க டீச்சர், மழைக்கு நீங்களா பொறுப்பு?" என்று சக ஆசிரியர்கள் எவ்வளவோ சொன்னார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். "மழைக்கு நான் பொறுப்பில்ல. நான் கேட்ட கேள்விக்கு நான்தான் பொறுப்பு. எங்கன்னு கேட்டிருக்கணும். மனசுலயான்னு கேட்டேன். பதிலையும் நானே கையில குடுத்துட்டுத்தான் கேட்டேன்" என்றார். வேலையை விடுவார் என்று நினைத்தோம். விடவில்லை. தாளைக் கழற்றி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு போன ஒவ்வொரு பள்ளியிலும் அதை விரித்துக் காட்டி, நடந்ததைத் தன் வாயால் சொன்னார். பிள்ளை எந்தச் சொல்லைச் சொன்னாலும் முதல் கேள்வி "எங்க?" என்றிருக்க வேண்டும், அதைக் கேட்ட பிறகுதான் மனசுக்குப் போக வேண்டும், முடிந்தால் வீட்டுக்கே நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று பழக்கினார். பசி என்றால் எங்கே பசி என்று கேட்பதா எனச் சிலர் சிரித்தார்கள். "சிரிங்க. ஆனா கேளுங்க" என்பார் அக்கா.

அவர் மறுபடி சிரித்து நான் பார்க்கவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். மழை தகரத்தில் விழத் தொடங்கினால் எழுந்து சுவரைத் தொட்டுப் பார்ப்பார். இரண்டு வருடம் அப்படியே போனது. பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். அவர் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை.

கடைசி வாரம் நுவரெலியா ஆஸ்பத்திரியில் நான்தான் உடன் இருந்தேன். ஒரு பிற்பகலில், கண் திறக்காமலே, "கூதலா இருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பிள்ளை நினைவு வந்துவிட்டது, சாவு பயம் வந்துவிட்டது என்று என்னென்னவோ நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கக்கா, உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நான் இருக்கேன்" என்று அழத் தொடங்கினேன்.

அவர் மெல்லக் கண் திறந்தார். "அடியே, எங்கன்னு கேக்க மாட்டியா? காலுடி. போர்வை விலகிக் கெடக்கு" என்றார்.

கால் இரண்டும் பனியாக இருந்தன. இழுத்துப் போர்த்திவிட்டேன். அதற்குப் பின் அவர் தெளிவாக ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்கா நோயாக இருந்த ஒரு வருடமும் வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்ட அவர் கணவர், எங்கள் அத்தானுக்கும், கொழும்பிலிருந்து ஓடி ஓடி வந்த அவர்களுடைய மகளுக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், சிங்களம் தெரியாத எனக்காகப் பேசிக் காரியம் பார்த்துத் தந்த பக்கத்துக் கட்டில் மெனிக்கே அம்மாவுக்கும், பாடை தூக்கிய டிவிஷன் ஆட்களுக்கும், கருமாதிவரை சமைத்துப் போட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. அக்கா நடத்திய வேலையைக் கைவிடாமல் செய்துவரும் நித்தியா டீச்சருக்கு, அந்தத் தாளை நான் கொடுத்துவிட்டேன்.

கடைசியாகத் தர்ஷியின் அம்மாவுக்கு. இந்த மலரில் பிள்ளையின் பெயரைப் போடலாமா என்று கேட்பதற்காக, போன மாதம் அவரிடம் போனேன். பிள்ளையின் படத்துக்குக் கீழே அந்தக் கம்பளி பிரிக்காமல் பொட்டலமாகவே இருந்தது. அவர் சொன்னார்.

"பேரைப் போடுங்கக்கா. எல்லா டீச்சர்மாரும் படிக்கட்டும். நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் போட்டுடாதீங்க."

போடவில்லை.