மேடம் அளந்த தோள்

தான் தைத்து அனுப்பிய சுடிதார்கள் மகளுக்குப் பொருந்தவில்லை என்று மேடத்துக்குத் தெரிந்திருந்ததா? கேட்பதற்கு இனி அவர் இல்லை. கழுத்தைச் சுற்றி வந்து தோளில் படியும் அந்த மஞ்சள் டேப் மட்டும் நினைவில் இருக்கிறது. “கையைத் தூக்கும்மா. என் பொண்ணுக்கும் உன் வயசுதான்” என்பார். என் தோளை அளந்து அவளுக்குத் துணி வெட்டுவார்.

எங்கள் தீவு ஊரான ரங்கத்தில் சமுதாயக் கல்லூரி ஒரு பாக்குக் கிடங்கில்தான் தொடங்கியது. பள்ளி முடித்தபின் போர்ட் பிளேருக்கோ மெயின்லேண்டுக்கோ போக வசதியில்லாத என்னைப் போன்ற பெண்கள் வீட்டிலேயே இருந்த காலம். மேடம் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கிடங்குக்காரர் பாயிடம் இடம் கேட்டு, சில தையல் மெஷின்களைப் போட்டார். தகரக் கூரையில் மழை கொட்டினால் அவர் குரல் கேட்காது. கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். அனுமதி கேட்டுப் போர்ட் பிளேர் அலுவலகங்களுக்கு பஸ்ஸில் அலைந்தார். அந்த அலைச்சலில்தான் மகளை மதுரையில் அக்கா வீட்டில் விட்டார். ஒரே வருஷம், கல்லூரி நிலைத்ததும் அழைத்து வந்துவிடுவேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் மெக்கானிக் வகுப்பு வந்தது, நர்சிங் உதவியாளர் வகுப்பு வந்தது, நானே தையல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். மகள் வரவில்லை. கப்பலேறும் யாரையாவது பிடித்துத் துணிப் பொட்டலம் கொடுத்தனுப்புவார். “அச்சா மேடம், நல்ல நியாயம். ஊர்ப் புள்ளைங்களுக்குக் காலேஜ், உங்க புள்ளைக்குக் கப்பலா?” என்று பாய் ஒருநாள் கேட்டார். மேடமும் சேர்ந்து சிரித்தார். அன்று வெட்டிய துணி கோணலாகிப் போனது.

புதுக் கட்டடத் திறப்புக்கு மகள் வந்தாள். என்னைவிட ஒரு தலை உயரம், அகன்ற தோள். எங்களைப் போலவே அவளும் அம்மாவை மேடம் என்றுதான் கூப்பிட்டாள். ஒரு பையை மேஜைமேல் வைத்து, “இதெல்லாம் இங்கயே யாருக்காவது சரியா இருக்கும் மேடம்” என்றாள். உள்ளே அத்தனை சுடிதார்களும் மடிப்புக் கலையாமல் இருந்தன. மேடம் பையை என் பக்கம் தள்ளிவிட்டு, விருந்தினரை வரவேற்கப் போய்விட்டார். கடைசியாகத் தைத்தவை எனக்குக் கச்சிதமாக இருந்தன. இருக்காதா?

இப்போது தீவுகளின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பேயில் கல்லூரிக்குக் கிளை தொடங்குகிறார்கள். தையல் வகுப்பை நான் போய்த் தொடங்க வேண்டுமாம். அங்கே என்னைப்போல் எத்தனை பெண்கள் வீட்டில் இருக்கிறார்களோ. ஆனால் என் மகனுக்கு மழை வந்தால் மூச்சு இழுக்கும். கடல் மோசமானால், அங்கிருந்து அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கப்பல் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. போர்ட் பிளேரில் வேலை பார்க்கும் கணவர், உன் இஷ்டம் என்கிறார். அம்மாவோ, “எங்கிட்ட விட்டுட்டுப் போ, ஒரு வருஷம்தானே” என்கிறாள். மேடமும் ஒரு வருஷம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று அவனுக்குச் சட்டை தைக்க மேடத்தின் டேப்பை எடுத்தேன். நிற்காமல் ஓடினான். பிடித்து நிறுத்தித் தோளை அளந்தேன். பிறகு, கொஞ்சம் பெரிதாகவே வெட்டிவைக்கலாமா என்று கத்தரிக்கோலோடு வெகுநேரம் நின்றேன். துணி இன்னும் வெட்டாமல்தான் கிடக்கிறது. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். அப்படி விடப்பட்டு வளர்ந்தவர்களும் தயங்காமல் சொல்லுங்கள். நான் போகலாமா?