வளர்வாள் என்று வாங்கிய சைக்கிள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். எல்லோருக்கும் செருப்புகூட ஓர் அளவு பெரிதாகத்தான் வாங்குவேன். போபோடி என்பவரின் சைக்கிள் கடையில் பேத்தி ஸ்டெல்லாவுக்குக் கியர் வைத்த மலை சைக்கிள் வாங்கியபோதும் பெரியதையே காட்டினேன்.

"பாட்டி, கால் தரையில எட்டல," என்றாள். கடைக்காரரும் சின்னதை எடுக்கச் சொன்னார்.

"அஞ்சு பேரை வளர்த்தவளுக்கே சொல்றீங்களா? வளர்ற பிள்ளை, ஆறு மாசத்துல எட்டும்!"

மறுநாள் பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடித்தவள், கால் ஊன்ற முடியாமல் டெம்போவுக்கு முன்னால் விழுந்தாள். டிரைவர் சட்டென்று வண்டியை ஒடித்துத் திருப்பியதால் பிள்ளை பிழைத்தாள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சைக்கிளை மாற்றிவிட்டோம். இப்போதெல்லாம் எது வாங்கினாலும், சரியா என்று அவளைக் கேட்டுத்தான் வாங்குகிறேன்.

நடந்ததையெல்லாம் நானே எழுத்துக்கூட்டி இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். அதை அவளிடம் நீட்டிச் சொன்னேன்: "ஸ்டெல்லா, மெதுவா வாசிச்சுக் காட்டு. நீ சொல்லியும் நான் கேக்கலைன்னு வர்ற இடத்தை மட்டும் சத்தமா வாசி."