பாத்திரம் வரும் நேரம்

வெள்ளிப் பாத்திரத்தின் விளிம்பைப் போதகர் வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவர் உதட்டருகே கொண்டுபோவார். கேரளத்தில் பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஆலயத்துத் திருவிருந்தில் முழங்காலிட்டிருந்த என் அண்ணன், அந்தத் துணி தன் பக்கம் வந்ததும் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அப்பத்தை மட்டும் வாங்கியிருந்தான். பாத்திரம் வந்தபோது தலையசைத்து மறுத்துவிட்டான். இப்போது வேறு ஊரில், வேறு ஆலயத்தில் முழங்காலிடுகிறேன். அந்த மூச்சு அங்கேயும் என் பக்கத்தில் வந்து நிற்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அவன் குடியை விட்டு, மருத்துவமனையும் வீடுமாகக் கிடந்து மீண்டிருந்தான். ஒரு சொட்டும் கூடாது என்றுதான் அங்கே சொல்லி அனுப்பினார்கள். எங்கள் திருவிருந்தின் திராட்சரசமும் புளிக்கவைத்த மதுதான். சபைக்கோ வேறு கணக்கு. குடிப்பவர்களைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைப்பது எங்கள் வழக்கம். ஆகவே பாத்திரத்தை மறுத்தவன் மறுபடி குடித்திருக்கிறான், மனசாட்சி குத்துகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஜெபத்தில் இறுக மூடும் கண்களெல்லாம் பாத்திரம் வரும் நேரத்தில் மட்டும் ஓரமாகத் திறந்துகொள்ளும் போல!

அப்பாவும் அம்மாவும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாங்கள் அங்கேயே பிறந்து, மலையாளத்திலேயே சண்டை போட்டு வளர்ந்தும், கோபம் வந்தால் அக்கம்பக்கத்துக்கு நாங்கள் தமிழரை இளக்காரமாகச் சொல்லும் ‘பாண்டி’தான். அம்மா அந்த ஊரில் தலைநிமிர்ந்து உட்கார்ந்த ஒரே இடம் அந்த ஆலயத்துப் பெஞ்சு. அதுவும் போய்விடுமோ என்று பயந்தாள்.

“மக்கா, நாம வந்து கேறினவங்க. நாலு பேரு பாக்காவ. உதட்டுல நனைச்சா போதும்லா?”

“அந்த ஒரு சொட்டுதான் எனக்குப் பயம் ஆக்கும், அம்மா.”

அம்மா அழுதாள். அடுத்த திருவிருந்தில் அண்ணன் குடித்தான். சபைக்கு நிம்மதி, வெளியே வந்ததும் பலர் கைகுலுக்கினார்கள். அந்த வாரமே பனச்சமூட்டில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்தவனை அப்பா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மா அவன் சட்டையைக் கழற்றித் துவைத்தாள்.

மறுபடி மருத்துவமனை, மறுபடி முதலிலிருந்து. அதன்பின் இன்றுவரை அவன் குடிக்கவில்லை. தனுவச்சபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். குடியை விட முடியாமல் தவிப்பவர்கள் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். திருவிருந்தில் அப்பத்தோடு எழுந்துவிடுவான். யார் பார்த்தால் என்ன என்கிற தைரியம் அவனுக்கு வந்துவிட்டது. அம்மாவுக்குத்தான், அழுது அவனைக் குடிக்க வைத்த அந்த நாள் முடியவே இல்லை. அவன் திரும்பி வந்த முதல் திருவிருந்தில் அவன் பக்கத்தில் முழங்காலிட்டு, பாத்திரம் வந்ததும் உதட்டை மூடிக்கொண்டாள். சபை அவளையும் ஓரக்கண்ணால் பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

அம்மா கடைசியாகப் படுத்தபோது போதகர் வீட்டுக்கே பாத்திரத்தைக் கொண்டுவந்தார். அண்ணன் அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

“இனி எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நீ குடி.”

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைத் திறக்கவில்லை.