பெட்ரோல் பின்னே இழுக்க, கரண்ட் முன்னே தள்ள

சில வருடங்களுக்கு முன், ஓணத்துக்கு முந்தின வாரம் நடந்தது இது. இடம், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், ரோட்டை விடப் பள்ளத்தில் கிடக்கும் எங்கள் வீட்டின் ஷெட். அன்று காலை அந்த ஷெட் வாசலில் ஒருவர் கேஸ் கட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். என் காரைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போக வந்தவர். பழைய இரும்பு எடுப்பவரை எங்கள் பக்கம் ஆக்கர்காரர் என்போம்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வளைகுடாவில் பல வருடம் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்த எனக்கு, களியக்காவிளைக்கு அப்புறம், கேரளப் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிடைத்தது. இரண்டே கதவு. பின்சீட்டில் யாராவது உட்கார வேண்டுமென்றால் கால்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். பார்வைக்குச் சிறுத்தை, ஓட்டினால் ஆஸ்துமாக்காரன். வேறொருவனாக இருந்தால் எஞ்சினை மாற்றியிருப்பான். எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே. முன்சக்கரங்களைப் பெட்ரோல் எஞ்சினே இழுக்கட்டும். சும்மா உருளுகிற பின்சக்கரங்களுக்கு, விபத்தில் நொறுங்கிய ஓர் எலக்ட்ரிக் காரின் மோட்டாரைப் பூட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டும் சேர்ந்தால் கார் பறக்கும். மைலேஜ் மிச்சம் பிடிக்கிற ஹைப்ரிட் இல்லை, பந்தயத்துக்குப் போகிற ஹைப்ரிட்.

பறக்கும், பறக்கும் என்று சொல்லியே இரண்டு ஓணம் பறந்துவிட்டது. என் மனைவி தையல் வேலை செய்பவள். பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் வரத் தொடங்கியிருந்தது. மெஷின்களைப் போட ஷெட் வேண்டும். அதுவரை மெஷின்கள் வீட்டு முன்னறையில் கிடந்தன. விருந்தாளிகள் மெஷின் மேலேயே சாயா கிளாசை வைத்துக் குடித்தார்கள். கடைசியில் அவள் ஒரு கெடு வைத்தாள்.

“ஓணத்துக்கு ஒரு வாரம் முந்தியே ஒங்களுக்க காரு தன்னால மேல ஏறி ரோட்டத் தாண்டட்டு. அந்தால தம்பிக்க ரப்பர் தோட்டத்துல கொண்டு போட்டு, எப்பிடி வேணும்னாலும் ஓட்டுங்க. ஏறல்லேண்ணா ஆக்கர்ல போட்டிரணும். செரியா?”

சரி என்றேன். மாற்றி அமைத்த காரை அனுமதி இல்லாமல் ரோட்டில் ஓட்டவும் கூடாது. எதிரே இருக்கும் மச்சினனின் தோட்டம்தான் எனக்கு உலகப் பந்தய மைதானம்.

அன்று கெடு முடிகிற நாள். வெளியே சாரல். காரின் மூக்கு ஷெட்டின் உட்சுவரைப் பார்த்து நின்றது. பின்னால் எடுத்து, முற்றத்தில் திருப்பி, செம்மண் ஏற்றத்தில் ஏற்ற வேண்டும். பேட்டரிக்குக் காற்று படட்டும் என்று டிக்கியைத் திறந்து வைத்திருந்தேன். ஆக்கர்காரர் எழுந்து வந்து அதற்குள் எட்டிப் பார்த்தார்.

“இது என்ன அண்ணே, செவப்பா ஒரு குமிழு?”

“அத அமுக்கினா மோட்டாருக்குப் போற கரண்டு மொத்தமும் கட்டாயிரும் பாத்துக்கிடுங்க. டேஷ்போர்டுல வச்சா அழகு கெட்டுப் போவும்லா, அதான் இஞ்ச வச்சேன்” என்றேன் பெருமையாக.

உட்கார்ந்தேன். எஞ்சின் இருமிக்கொண்டே எழுந்தது. மோட்டாரையும் ஆன் செய்தேன். ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தபடி ஆக்சிலரேட்டரை மிதித்தேன். கார் நகரவில்லை. இன்னும் மிதித்தேன். குளிர்காய்ச்சல் வந்த யானை மாதிரி மொத்தமாக நடுங்கியது, நகரவில்லை.

ஆக்கர்காரர் பின்னாலிருந்து கத்தினார். “அண்ணே, முன்சக்கரம் ஒரு பக்கமாட்டும் பின்சக்கரம் மறுபக்கமாட்டும் சுத்துது.”

அப்போதுதான் உறைத்தது. ரிவர்ஸ் கியர் போட்டது எஞ்சினுக்கு மட்டும்தான் தெரியும். மோட்டாருக்கு அந்தச் செய்தியைச் சொல்ல நான் ஒரு ஒயர்கூட விடவில்லை. எஞ்சின் பின்னே இழுக்கிறது, மோட்டார் முன்னே தள்ளுகிறது. இரண்டு வருடம் யோசித்த மூளைக்கு, வண்டி என்றால் பின்னாலும் போகும் என்பது ஞாபகம் வரவில்லை.

பதற்றத்தில் செய்யக்கூடாததைச் செய்தேன். பழக்கத்தில் கிளச்சை மிதித்துவிட்டேன். பின்னே இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின் கையை விட்டது. வலது கால் ஆக்சிலரேட்டரிலேயே மரத்துப்போய் நின்றது. கார் சுவரைப் பார்த்துப் பாய்ந்தது. சுவருக்கும் பானெட்டுக்கும் நடுவே என் மனைவியின் தலை எழுந்தது.

மெஷின் போட இடம் அளக்க, கையில் டேப்போடு வந்து குனிந்திருக்கிறாள். இந்த வண்டி எந்தப் பக்கமும் போகாது என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிரேக் எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை. டப்பென்று ஒரு சத்தம். மோட்டார் செத்தது. அதற்கப்புறம்தான் என் கால் பிரேக்கைக் கண்டுபிடித்தது. பம்பர் அவள் முழங்காலைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். ஆக்கர்காரர் வண்டியோடு இழுபட்டு, டிக்கிக்குள் பாதி உடம்போடு கவிழ்ந்து கிடந்தார். கை அந்தச் சிவப்புக் குமிழின் மேல்.

இறங்கினேன். மனைவி சுவரில் சாய்ந்து, டேப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். நான் ஆக்கர்காரரிடம், “வெட்டிருங்க அண்ணாச்சி. இப்பமே வெட்டிருங்க. இது எனக்க கண்ணுல படப்பிடாது” என்றேன்.

அவர் முழங்கையைத் தடவிக்கொண்டு கட்டரை எடுத்தார். எடுத்தவர் அதைச் சாக்கில் சுற்றிக் கட்டினார்.

“இன்னைக்கு வெட்டமாட்டேன் அண்ணே. பயந்துபோயோ கோவப்பட்டோ ஆளுவ தாற சாமானத்த அன்னைக்கே எடுக்கியது இல்ல. எங்களுக்க தொழில்ல அப்பிடித்தான். நாளைக்கு வாறேன். நாளைக்கும் வெட்டச் சொன்னா வெட்டுதேன்.”

வெட்டியிருந்தால் லாபம் அவருக்கு. அவர் பாட்டுக்கு மழையில் ரோட்டுக்கு ஏறிப் போய்விட்டார்.

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். “அந்த செவப்புக் குமிழ முன்னால கொண்டு வாங்க. எனக்குக் கையெட்டுத எடத்துல.”

“ஒனக்கா? நீ எதுக்கு?”

“நாளைக்கு நானும் ஏறுவேன். வண்டிக்க முன்னால நிக்கியத விட உள்ள இருக்கியதுதான் பத்திரம்.”

அன்று முழுக்க வேலை பார்த்தேன். ரிவர்ஸ் கியர் விழுந்தால் மோட்டார் தானாக ஓய்ந்துபோகும்படி ஒயரை இழுத்தேன். மூக்குத்தி குத்துகிற ஆசாரியின் கவனத்தோடு அழகாகச் செய்துவைத்திருந்த டேஷ்போர்டில், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு பெரிய ஓட்டை போட்டேன். குமிழ் அங்கே, மூக்கில் வந்த பரு மாதிரி உட்கார்ந்தது. பிரேக்கை மிதித்தால் மோட்டார் நிற்கிறதா என்று சக்கரங்களைத் தூக்கி வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மனைவி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நான் சரி என்று சொன்னதையெல்லாம் இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னாள். அவளைப் போல ஒரு இன்ஸ்பெக்டரை நான் வளைகுடாவிலும் பார்த்ததில்லை.

மறுநாள் ஆக்கர்காரர் வந்து மேலே ரோட்டோரம் நின்றார். போகிற வருகிற வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்துகிற பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். கார் ஒழுங்காகப் பின்னால் வந்தது, திரும்பியது, ஏறியது. பயத்தில் மோட்டாரை நான் இன்னும் ஆன் செய்யவில்லை. பாதி ஏற்றத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டியது. முன்சக்கரங்கள் நனைந்த செம்மண்ணில் வழுக்கிச் சுற்றின. பின்னால் வழுக்க ஆரம்பித்தோம். மனைவியின் விரல் குமிழின் மேலேயே இருந்தது. முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“கரண்டக் குடுங்க” என்றாள்.

கொடுத்தேன். பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளின மாதிரி இருந்தது. ஏற்றம் முடிந்து, ரோட்டைத் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே பாய்ந்துதான் நின்றோம். இத்தனை நாளும் பறக்கும் என்று நான் விட்ட புளுகு உண்மையாகிவிட்டதில் எனக்கே கொஞ்சம் அதிர்ச்சி.

ஆக்கர்காரர் கிட்டே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “வெறுங்கையா போவ ஒக்காது அண்ணே. அந்தப் பழைய சைலன்சர், தகரம் எல்லாம் கெடக்குல்லா, அதையாவது எடுத்துக்கிடட்டா?”

ஷெட்டில் இப்போது தையல் மெஷின்கள் ஓடுகின்றன. என் கிறுக்குப் புத்தி அப்படியேதான் இருக்கிறது. கோபத்திலும் பயத்திலும் எதையாவது தலைமுழுகிவிடத் தோன்றும்போது மட்டும், அந்த மனிதர் கட்டரைச் சாக்கில் சுற்றிக் கட்டியது கண்முன் வரும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போய்விடுவேன்.